கடலைப் பார்த்த சுவர்

சிப்பிக்குடியிருப்பில் சந்தியாகப்பர் கோயிலின் கடலைப் பார்த்த சுவர் தானாகவே படம் காட்டத் தொடங்கிய அன்று, ஊரில் முதலில் மூண்ட சண்டை யார் பாயை முன்வரிசையில் போடுவது என்பதைப் பற்றியது. திருநாளுக்குத் திருநாள் டவுனிலிருந்து வாடகைக்கு மெஷின் எடுத்துவந்து அந்தச் சுவரில்தான் படம் போடுவார்கள் என்பதால், சுவர் வெளிச்சமானால் மணலில் உட்கார வேண்டும் என்பது அந்த ஊர் ஜனங்களின் காலுக்கே தெரியும். மெஷின் இல்லை, மெஷின்காரர் இல்லை, மின்சாரம்கூட அப்போது இல்லை என்பதை, முதல் அரைமணி நேரம் வசதியாக உட்கார்ந்து முடித்த பிறகுதான் யாரோ கவனித்துச் சொன்னார்கள். "அதுக்கென்ன இப்ப? தலையை எடும்வே, மறைக்குது" என்று பின்னாலிருந்து பதில் வந்தது.

ஃபாதர் பெலவேந்திரம் அப்போது சாமியார் பங்களாவில் ரசத்தில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். விசில் சத்தம் கேட்டு எச்சில் கையோடு எட்டிப் பார்த்தவருக்குச் சுவர் நிறையத் தெரிந்தது, தகரப்பெட்டியோடு, சாமியாராகப் படிக்கிற குருமடத்து வாசலில் நிற்கும் ஒரு சிறு பையனின் முகம். எண்ணெய் வழிய வாரிய தலை, ஒரு காதில் ஒட்டியிருந்த பவுடர். அந்தப் பவுடரைத் துடைத்துவிட நீண்ட கை அவருடைய அம்மாவின் கை என்பது அவருக்கு மட்டும்தான் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் மீன்காரி ரெஜினாள் அதற்குள் எழுந்து நின்று, "ஏட்டி, இது நம்ம சாமில்லா! அந்த மூக்கைப் பாரு! எம்மாடி, எவ்வளவு ஒல்லியா இருந்திருக்காரு!" என்று கூவிவிட்டாள். உடனே ஊரே சுவரைப் பார்த்து உச்சுக்கொட்டியது, எதிரே பங்களா சன்னலில் நின்ற தடித்த சாமியாரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சுவர் ஏன் அப்படிச் செய்தது என்று கேட்டால் ஊர்க்காரர்கள் சுண்ணாம்பைச் சொல்வார்கள். திருநாளுக்கு முன்னால் கோயிலுக்கு வெள்ளையடிக்கும் சுண்ணாம்பைக் கடையில் வாங்குவதில்லை, கடற்கரையில் பொறுக்கிய சிப்பியைச் சுட்டு அவர்களே நீற்றிக்கொள்வார்கள். பெரிய வியாழக்கிழமை பூசையில் சாமியார் பன்னிரண்டு ஆண்களின் பாதத்தைக் கழுவித் துடைத்து முத்தம் செய்கிறாரே, அந்தத் தண்ணீரை மற்ற ஊர்களில் தென்னைமரத்து மூட்டில் ஊற்றிவிடுவார்கள். சிப்பிக்குடியிருப்பில் மட்டும் அதை ஒரு டிரம்மில் மூடி வைத்திருந்து, வெள்ளையின் முதல் பூச்சுக்குச் சுண்ணாம்போடு கலப்பார்கள். எந்தக் காலத்தில் யார் தொடங்கிய வழக்கமோ தெரியாது. ஆனால் அந்த வருசம் டிரம்மில் வழக்கத்தைவிடத் தண்ணீர் அதிகமாக இருந்தது. ஏன் அதிகம் என்பது ஃபாதர் பெலவேந்திரத்துக்குத் தெரியும், அதனால்தான் அவர் சாப்பாட்டுக்குத் திரும்பாமல் சன்னலிலேயே நின்றார்.

அந்த வியாழக்கிழமை பன்னிரண்டு பேரில் கடைசியாக உட்கார்ந்திருந்தவன் கயத்தான். படகு எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறவன், கடற்கரைக் கோடியில் தகரக் கொட்டகை போட்டிருந்தான், நாற்பதை நெருங்கியும் கல்யாணம் செய்துகொள்ளாமல் தன் போக்கில் பாடிக்கொண்டு வேலை செய்கிற மனிதன். பாதம் கழுவ உட்காருகிறவர்கள் அன்றைக்கு வீட்டிலேயே நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வருவார்கள், கயத்தானும் தேய்த்துத்தான் வந்திருந்தான், ஆனால் எஞ்சின் எண்ணெய் அவன் குதிகால் வெடிப்பில் கறுப்புக் கோடாக இறங்கி உட்கார்ந்திருந்தது. ஃபாதர் தண்ணீர் ஊற்றினார், கோடு போகவில்லை. மறுபடி ஊற்றித் தேய்த்தார். பாட்டுக் குழு பாட்டை முடித்துவிட்டு, சாமியார் எழுந்திருக்கக் காணோமே என்று முதலிலிருந்து தொடங்கியது. ஃபாதர் அந்தக் காலைக் கையில் ஏந்தி, தன் வாழ்நாள் முழுக்க யாரையும் தொடாமல் சேர்த்து வைத்திருந்த கவனம் அத்தனையும் கொண்டு அந்தக் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முத்தம் செய்யக் குனிந்தபோது கண்ணிலிருந்து என்னவோ தட்டில் விழுந்தது. அவ்வளவுதான் நடந்தது. வெளியே தெரிய வேறொன்றுமே நடக்கவில்லை.

படம் தொடங்கிய மறுநாள் காலை அவர் கோயில் கமிட்டியைக் கூப்பிட்டு, சுவர் ஈரம் கோத்திருக்கிறது, டிஸ்டம்பர் அடித்துவிடலாம் என்றார். நல்ல நீல டிஸ்டம்பராகப் பார்த்து அடித்தார்கள். சாயங்காலம் திரிகால செப மணி அடித்து ஓய்ந்ததும் சுவரில் குருமடத்துப் பையன்கள் எல்லாரும் நீல முகத்தோடு நீலக் கஞ்சி குடித்தார்கள். மறுநாள் பூசை முடிந்து வந்த ரெஜினாள் நேராக அவரிடமே வந்தாள்.

"சாமி, கோச்சுக்காதீங்க, நல்லா ஓடிட்டிருந்த படத்த ஏன் சாமி கெடுத்தீங்க? அம்மாவைப் பேய் மாதிரி காட்டுது."

"ரெஜினாள், அது என் சொந்த வாழ்க்கை."

"அதான சாமி நாங்களும் சொல்றோம். சொந்த வாழ்க்கைய யாராவது நீலமா வச்சிப்பாங்களா?"

டிஸ்டம்பரைச் சுரண்டி எடுத்தார்கள். அதற்குள் படத்துக்கு ஊர் தன்னை ஒழுங்கு செய்துகொண்டுவிட்டது. கைக்குழந்தைக்காரிகள் ஓரத்தில், காது கேளாதவர்கள் நடுவில் (படத்துக்குச் சத்தம் கிடையாது என்பதால் அவர்கள்தான் கதையை முதலில் பிடித்தார்கள், மற்றவர்களுக்குக் கையால் விளக்கினார்கள்), முறுக்கும் சுண்டலும் விற்பவர்கள் கொடிமரத்துப் பக்கம். வலைக்குப் போகிறவர்கள் முதல் பாதி பார்த்துவிட்டுப் போகலாம், மீதிக் கதையை அவர்களுடைய பெண்சாதிமார் கரையில் வலை இழுக்கும்போது சொல்ல வேண்டும். சத்தமில்லாத படத்தைப் பார்க்கச் சடவாக இருக்கிறது என்று சிலர் முணுமுணுத்தபோது, ரெஜினாள் தானாகவே எழுந்து சாமியாருக்கு வசனம் பேசத் தொடங்கினாள். மீன் கூவி விற்ற தொண்டை, கடைசி வரிசை வரை எட்டும். பேராயர் முதல் சமையல்காரன் வரை மற்ற ஆண்களுக்கெல்லாம் உபதேசியார் ஞானமுத்து பேசினார். ஞாயிற்றுக்கிழமை வாசகம் வாசிக்கிற அதே குரலில் அவர் சமையல்காரனுக்காக "சாம்பாரில் உப்பில்லை" என்று சொன்னபோது, ஜனங்கள் பழக்கதோஷத்தில் "இறைவா உமக்கு நன்றி" என்றார்கள். திருநாள் பேண்டு செட்டு வந்து சேர்ந்து சோகத்துக்குக் கிளாரினெட்டும் சந்தோசத்துக்கு டிரம்மும் என்று பிரித்துக்கொண்டது.

ஃபாதர் பங்களாவிலேயே கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். ஆனாலும் சத்தம் வரும். தனக்காகப் பேசும் ரெஜினாளின் சத்தம். "சேசுவே, நான் ஏன் இவன் பக்கத்துல உக்காந்தா மட்டும் செபம் மறந்துபோறேன்?" என்று ரெஜினாள் கூவினால், குருமடத்தில் கூடப்படித்த ஒருவனோடு பலாப்பழம் உரித்த மத்தியானம் வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அவர் அந்த வார்த்தைகளைச் சொன்னதே இல்லை, ஒரு நாளும் எவரிடமும், ஆனால் சொல்லியிருந்தால் ஏறக்குறைய அப்படித்தான் சொல்லியிருப்பார். ஒரு நாள் தாங்கமாட்டாமல் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பின்வரிசையில் போய் உட்கார்ந்தார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த கிழவர் மட்டும் கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம் விட்டு, "இன்னைக்கு குருப்பட்டம், விட்டுராதீரும், நல்ல சீன்" என்று சுண்டல் பொட்டலத்தை நீட்டினார். சுவரில், சாமியாராகும் அந்த நாளில், இளம் பெலவேந்திரம் பீடத்துக்கு முன்னால் தரையில் குப்புறப் படுத்திருந்தான், அவன் முகம் தரையோடு இருந்ததால் எந்த ஃபோட்டோவிலும் விழாத அந்த முகத்தைச் சுவர் காட்டியது. அது சிரித்துக்கொண்டிருந்தது. கடவுளைக் காதலிக்கிறவனின் சிரிப்பு. ஃபாதர் பெலவேந்திரம் துண்டுக்குள் அழுதார். அந்தச் சிரிப்பு பொய்யில்லை, இன்னும் அவரிடம் அது இருக்கிறது, விசுவாசம் தேய்ந்து போயிருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

படம் அவர் சிப்பிக்குடியிருப்புக்கு வந்த நாளை எட்டியதும் ஊர் கொண்டாடித் தீர்த்தது, ஏனென்றால் இப்போது அவர்களும் படத்தில் வந்தார்கள். "நான்! நான்!" என்று சுவரைத் தொட ஓடியவர்கள் உண்டு. புயலில் போனவர்களைச் சாமியார் கடலிலிருந்து தோளில் தூக்கிவந்த காட்சியில் பேண்டு செட்டு வாசிக்காமல் நின்றுவிட்டது. பிறகு ஒரு நாள் சுவரில் கயத்தான் வந்தான், எஞ்சினுக்குள் தலையை விட்டபடி, பாடியபடி. மறுநாளும் அவனே வந்தான். அதற்கு மறுநாளும். சும்மா கயிறு சுற்றினான், டீ குடித்தான், துடைத்த கையையே மறுபடி துடைத்தான், சுவர் அவனைவிட்டு நகரவே இல்லை. ஜனங்கள் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பிக் கடற்கரைக் கோடியிலிருந்த தகரக் கொட்டகையைப் பார்த்தார்கள்.

அதன் பிறகுதான் அந்தக் கால் வந்தது. கட்டுமரம் அளவுக்குப் பெரிதாக, கறுப்புக் கோட்டோடு சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு. இரண்டு கைகள் அதைத் தேய்த்தன, தேய்த்தன. ஒரு துளி விழுந்தது. உதடு வந்து பதிந்தது, எடுக்க மனமில்லாமல் எடுத்துக்கொண்டது. ரெஜினாள் வாயைத் திறந்து நின்றாள், வசனமில்லை. பாட்டுக் குழுத் தலைவி திரேசம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பங்களாப் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "அதுக்குத்தான் எங்கள அந்தப் பாட்டத் திரும்பத் திரும்பப் பாட விட்டீங்களா சாமி! எனக்குத் தொண்ட கட்டிப்போச்சு!"

பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பாதியில் சிலர் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள். காலையில் கடைத்தெருவில் எவனோ ஃபாதரின் முதுகுக்குப் பின்னால் ஒரு வார்த்தை எறிந்தான், அவர் திரும்பவில்லை. பூசைக்கு வரும் சில தலைகள் குறைந்தன. ஆனால் மாலையில் பாய்கள் குறையவில்லை, பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்கள். ஊருக்குள் இப்போது ஒரே பேச்சு, முடிவு என்ன? அங்கியைக் கழற்றிவிட்டு அவனோடு போக வேண்டும் என்று ஒரு கட்சி. எங்கள் புயலில் கூட நின்ற சாமியாரை எவனுக்கும் தரமாட்டோம் என்று ஒரு கட்சி. "ரெண்டு பேரையும் ஒரு படகில ஏத்திக் கடல்ல விட்டுரணும்" என்றவருக்கு ரெஜினாள் அன்று மீன் தரவில்லை.

படத்தில் வராமல் போனது ஒன்றே ஒன்று. சுவருக்கு ஃபாதரின் உள்ளே போகத் தெரிந்த அளவு கயத்தானின் உள்ளே போகத் தெரியவில்லை. அந்தக் கால் வந்த மறுநாளிலிருந்து கயத்தான் கொட்டகையின் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே வேலை பார்த்தான், பாட்டும் நின்றுவிட்டது. ஃபாதர் ஒரு நாள் கொட்டகை வரை நடந்தார். தகரத்துக்கு அந்தப் பக்கம் ஸ்பேனர் விழும் சத்தம் கேட்டது. தட்டக் கையைத் தூக்கியவர், தன் ஆசையைச் சுவர் ஊரே பார்க்கப் பறையடித்துச் சொன்ன பிறகு ஒரு மனிதனின் கதவையும் தட்டுவது நியாயமா என்று நினைத்துத் திரும்பி வந்துவிட்டார். அன்று முழுக்க அவர் முழங்காலில் இருந்தார். கடவுளிடம் அவர் கேட்டது ஒன்றுதான், அவன் என்னை அருவருக்காமல் இருக்க வேண்டும்.

திருநாளுக்கு முந்தின மாலை ஆராதனைக்கு ஆயர் வருவதாக இருந்தது. படம் நாளுக்கு நாள் நிகழ்காலத்தை நெருங்கிக்கொண்டிருந்ததை ஊர் கவனித்திருந்தது, முந்தாநாள் சுவரில் ஃபாதர் டிஸ்டம்பர் வாங்கினார், நேற்று கொட்டகை வாசலில் கையைத் தூக்கி இறக்கினார், அப்படியென்றால் இன்றைக்கு, சரியாக ஆயர் வரும் மாலையில், படம் இன்றைக்கு வந்து சேர்ந்துவிடும். கமிட்டி பதறிப்போய்ச் சுவரைத் தார்ப்பாயால் மூடியது. மணி அடித்ததும் தார்ப்பாயின் மேலேயே படம் ஓடியது, மடிப்பில் மட்டும் சாமியாரின் மூக்கு கோணியது. "எடுத்துத் தொலைங்கலே, மூக்கு கோணுது" என்று அவிழ்த்துவிட்டார்கள்.

ஆராதனை முடித்து வெளியே வந்த ஆயர் கூட்டத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. உட்கார்ந்தார். கையில் முறுக்கு வந்தது.

"நான் முதலிலிருந்து பார்க்கவில்லையே, என்ன கதை?" என்றார்.

ஐந்தாறு பெண்கள் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கினார்கள். தகரப்பெட்டி, பலாப்பழம், புயல், கால் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறி ஆயரின் இரண்டு காதிலும் இறங்கின. அவர் முறுக்கைக் கடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தார், இடையில் ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஃபாதர் பெலவேந்திரம் கோயிலைச் சுற்றிக்கொண்டு வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். சுவரிலும் ஒரு பெலவேந்திரம் கோயிலைச் சுற்றிக்கொண்டு வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பி அவரைப் பார்க்க, சுவரில் உட்கார்ந்திருந்தவர்களும் எல்லாரும் திரும்பினார்கள். அவர் கையைத் தூக்கி நெற்றியைத் துடைத்தார், சுவரும் துடைத்தது. காட்டுவதற்கு இனி அதனிடம் எதுவும் இல்லை. அவர் என்ன செய்கிறாரோ அதுதான் படம்.

ரெஜினாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இதுக்கு மேல எனக்கு வசனம் தெரியாது சாமி. நீங்களே பேசுங்க."

ஃபாதர் வாயைத் திறந்தார். வந்தது பிரசங்கக் குரல் இல்லை, ரசம் பிசைந்து சாப்பிடுகிற மனிதனின் சாதாரணக் குரல்.

"எனக்கு விசுவாசம் உண்டு. அது ஒரு நாளும் குறையல. குறைஞ்சிருந்தா நான் என்னைக்கோ ஓடிப்போயிருப்பேன். கயத்தான் மேல எனக்குப் பிரியம் உண்டு. உடம்போட உள்ள பிரியம். அதுவும் குறையல, குறைக்கச் சொல்லி எவ்வளவோ கேட்டுப் பார்த்துட்டேன். ரெண்டையும் சேர்த்து வச்சுத்தான் முழங்கால் போடறேன். மறைச்சது மட்டுந்தான் தப்பு. இதச் சொல்ல ஒரு சுவர் வேண்டியதாப் போச்சு பாருங்க, அதுதான் எனக்கு வெக்கம். இனி மறைச்சுக்கிட்டு நான் பீடத்துல ஏற மாட்டேன். கயத்தான் எனக்கு ஒண்ணும் பதில் சொல்ல வேண்டாம். அவரை யாரும் ஒரு சொல் சொல்லாதீங்க, அது போதும்."

அப்போது கடற்கரைக் கோடியில் ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது, எண்ணெய் போடாத ஷட்டர், ஊரின் அத்தனை எஞ்சினையும் சரிசெய்கிறவனின் சொந்த ஷட்டர், அது அலறிக்கொண்டு மேலே போனது. கயத்தான் வெறுங்காலோடு மணலில் நடந்து வந்தான். கூட்டம் வழி விட்டது. அவன் பக்கத்தில் வர வரச் சுவரில் அவன் உருவம் பெரிதாகி, கடைசியில் இரண்டு பேரும் சுவர் கொள்ளாமல் நின்றார்கள். கயத்தான் யாரையும் பார்க்கவில்லை, கையில் கொண்டு வந்த பனியன் துணியில் துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"சாமி," என்றான். "அன்னைக்குத் தேய்ச்சீங்கள்ல. அதுக்கப்புறம் அந்தக் காலுக்கு நான் சோப்பே போடல."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு சுவரில் அவனுடைய கால் தெரிந்தது, அதே கறுப்புக் கோடு, பத்திரமாக, தேய்க்கப்படாமல். முதல் விசில் அடித்தது உபதேசியார் ஞானமுத்து என்று சொல்கிறார்கள், அவர் இன்றுவரை மறுக்கிறார். டிரம்மா கிளாரினெட்டா என்று தெரியாமல் பேண்டு செட்டு இரண்டையும் சேர்த்து அடித்தது. திரேசம்மாள் அந்தப் பாட்டை எடுத்தாள், பாதம் கழுவும் பாட்டையே, ஆனால் கல்யாணப் பாட்டின் வேகத்தில், பாயிலிருந்தவர்கள் எழுந்து மணலைக் கிளப்பினார்கள். சுவரில் ஆடிய ஊரும் மணலில் ஆடிய ஊரும் ஒன்றையொன்று பார்த்துக் கைகாட்டிக்கொண்டன.

ஆயர் எழுந்தார். பாட்டு தானாகவே அடங்கியது. அவர் ஃபாதர் பெலவேந்திரத்தின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், கோபமும் இல்லை, வாழ்த்தும் இல்லை, தூரப் பயணம் முடித்த மனிதரின் களைப்பு மட்டும்.

"நாளைத் திருநாள் பூசையை நான் வைக்கிறேன்," என்றார். "நீர் போய்ச் சாப்பிடும். சாப்பிட்டே ரொம்ப நாளான மாதிரி இருக்கிறீர்."

ஃபாதர் அங்கியைக் கழற்றிக் கையில் மடித்தார், மடிக்கும்போது காலர் பக்கம் ஒரு முத்தம் செய்தார். அதை வாங்க ஞானமுத்து இரண்டு கையையும் நீட்டினார். சுவர் அந்த மடிப்பைக் கடைசியாகக் காட்டிவிட்டு வெள்ளையானது, வெறும் சிப்பிச் சுண்ணாம்பு வெள்ளை. அதன் பிறகு அது எதையும் காட்டவில்லை. ஆனாலும் ஜனங்கள் ரொம்ப நாள் வரை மணி அடித்ததும் பாயோடு வந்து வெள்ளைச் சுவரைப் பார்த்துச் சாய்ந்து உட்கார்ந்து, அவரவர் கதையை அவரவர் நினைத்துக்கொண்டு, முறுக்கு தின்றுவிட்டுப் போனார்கள்.

ஒன்றிரண்டு வீடுகளில் பெலவேந்திரத்துக்கு இன்னும் வணக்கம் சொல்வதில்லை. எதிரே வந்தால் கடல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அவரும் கடலைப் பார்த்துக்கொண்டே கடந்துபோகப் பழகிவிட்டார்.

அடுத்த வருசம் பெரிய வியாழக்கிழமைக்குப் புதிதாக வந்திருந்த இளம் சாமியார் பாதம் கழுவினார். பன்னிரண்டு பேரில் கடைசிக்கு முந்தினவன் கயத்தான், அவன் பாதம் அந்த வருசம் பளிச்சென்று இருந்தது. கடைசியாக, வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, பெலவேந்திரம் உட்கார்ந்திருந்தார். கமிட்டி அவர் பெயரைச் சொன்னபோது இரண்டு பேர் எழுந்து போனார்கள், மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். புதுச் சாமியார் தண்ணீர் ஊற்றினார், தேய்த்தார், நெற்றியைச் சுருக்கினார், மறுபடி ஊற்றினார். கயத்தானோடு தகரக் கொட்டகையில் எஞ்சின் கழற்றுகிற மனிதரின் குதிகாலில் எண்ணெய் கறுப்புக் கோடாக இறங்கி உட்கார்ந்திருந்தது, என்ன தேய்த்தும் போகவில்லை. பாட்டு முடிந்துவிட்டது. திரேசம்மாள் பெருமூச்சு விட்டு, பெலவேந்திரத்தைப் பார்த்து ஒரு முறை முறைத்துவிட்டு, முதலிலிருந்து எடுத்தாள்.

பூசை முடிந்து ஞானமுத்து தண்ணீர்ச் சட்டியை டிரம்முக்குக் கொண்டுபோனபோது, ரெஜினாள் பின்னாலேயே ஓடினாள்.

"மெதுவா வே, மெதுவா! ஒரு சொட்டு சிந்தாதேயும். இந்த வருசம் யாருக்கு என்ன இருக்குன்னு யாரு கண்டா!"